பூட்டத் தெரிந்த கை

சென்ற விடுமுறையில், ரம்புக்கனைப் புகையிரத நிலையத்தின் வாயிலில் என் மாணவன் ஒருவனின் தாயைக் கண்டேன். இறப்பர்த் தோட்டத்து லயத்திலே பிறந்தவள். கொழும்பிலே ஒரு வீட்டில் குழந்தை பார்க்கிறாள். தன் இளைய மகனை மடியில் இருத்தி, முச்சக்கர வண்டியில் அமர்ந்திருந்தாள்.

“அங்க ஐயா வீட்டுப் புள்ளைக்கு கார்ல தனி சீட்டு இருக்கு சேர். அஞ்சு பட்டி. முறுக்கு விழாம இழுத்துப் பூட்டணும். தோள்ல தளர்ந்திருந்தா நோனா ஏசுவாங்க.”

“இவனுக்கு?” என்றேன்.

“என் கைதான் சேர்,” என்று சிரித்தாள்.

தாயின் கையினும் உறுதியான பூட்டு ஏது என்று கவிதை பாடலாம். விஞ்ஞானம் அதனை ஒப்புவதில்லை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பற்றி நிறுத்த, நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தைத் தாங்கும் வலிமை வேண்டும். எந்தத் தாய்க்கு அது உண்டு?

பூட்டுகளும் குற்றமற்றவை அல்ல. உணவும் பானமும் சிந்தி இறுகிய பூட்டுகள் திறக்க மறுத்தன. விபத்து வேளையில் குழந்தையை எடுப்பதெப்படி என்ற அச்சம் எழுந்தது. 2014இல் அமெரிக்காவில் கிராகோ நிறுவனம் 37 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆசனங்களுக்குப் பூட்டு மாற்றித்தர நேர்ந்தது. அங்கே பெற்றோர் முறையிட்டனர். நம்மவர்க்கோ, முறையிடுவதற்கு ஆசனமே இல்லை. முச்சக்கர வண்டியில் அதைப் பொருத்த இடமுமில்லை.

அந்தக் கைக்கு அறிவும் குறைவில்லை, அன்பும் குறைவில்லை. பிறர் பிள்ளையைப் பூட்டிக் காக்கும் கை, தன் பிள்ளைக்கு மட்டும் தானே பூட்டாக நிற்பதேன்? இதனை விதியென்று நம் மாணவர்க்குச் சொல்லோம்.