மீட்டிப் படிப்பவருக்கே மொழி வசப்படும்

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் நம்மூர்ப் பிள்ளைகளின் கைகளில் கடந்தகால வினாத்தாள்கள் வந்துவிடும். ஆங்கில இலக்கணம், சொற்கள், இலக்கியம் எடுத்தவர்களுக்கு அணிகளும் நாடகமும் என எல்லாவற்றையும் சில கிழமைகளில் மீட்டிவிடத் துடிப்பார்கள். அந்த ஊக்கம் நல்லது. ஆனால் மீட்டல் பரீட்சைக் காலத்துக்கு மட்டும் உரிய வேலையன்று. வெங்காயப் பாத்திக்கு ஒருமுறை இறைத்துவிட்டுக் கிண்டுவதற்குக் காத்திருக்கும் தோட்டக்காரர் எவரும் வலிகாமத்தில் இல்லை.

தொடர்ந்து மீட்டும் பழக்கத்தின் பலனை நம் மண்ணே கண்டிருக்கிறது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் ஆங்கிலத்தோடு தமிழும் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளை பட்டத்தோடு படிப்பை முடித்துக்கொள்ளவில்லை. ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். ஒரே வரியைச் சலியாமல் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் பதிப்பாசிரியரின் உழைப்பு. ஆங்கிலம் படித்தவர் தமிழுக்கு ஆற்றிய தொண்டு அது.

இலக்கணத்தை மீட்டும்போது பிழை எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். தமிழில் வினை வசனத்தின் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். நமது வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி நிற்கும். ஆங்கில முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னே தனித்து நிற்கும். விதியை மனனம் செய்தால் மட்டும் இந்த வேறுபாடு பழகாது. உங்கள் வீட்டையும் கிணற்றடியையும் சந்தையையும் பற்றித் தினமும் ஐந்து வசனம் எழுதுங்கள். மறுநாள் நீங்களே திருத்துங்கள்.

சொற்களைப் பட்டியலாகப் பாடமாக்கினால் பரீட்சை மண்டபத்திலேயே மறந்துபோகும். வசனத்தோடு சேர்த்துப் படித்த சொல் நிலைக்கும். 1862இல் வெளிவந்த வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. யாழ்ப்பாணத்தில் ஒருவர் தொடங்கிய அந்த அகராதிப் பணியை அவருக்குப் பின் வந்தவர்கள் தொடர்ந்து செய்து முடித்தார்கள். சொல் சேர்ப்பது அவசரத்தில் ஆகும் காரியமல்ல.

அணிகளில் நமக்குப் பாதி வழி ஏற்கெனவே தெரியும். தமிழ்ப் பாடத்தில் உவமையும் உருவகமும் படித்த பிள்ளைக்கு ஆங்கிலக் கவிதை அந்நியமில்லை. அணியின் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல், கவிஞர் ஏன் அந்த ஒப்புமையைத் தேர்ந்தார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில்தான் இரசனை தொடங்குகிறது.

நாடகத்தை மௌனமாகப் படித்து யாராலும் அறிந்துகொள்ள முடியாது. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்து பின்னர் துறவு பூண்ட விபுலானந்த அடிகள், சேக்‌ஷ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து தமிழ் நாடக மரபோடு சேர்த்து ‘மதங்க சூளாமணி’ எழுதினார். 1926இல் வெளிவந்த அந்த நூல், ஆங்கில நாடகத்தைத் தமிழ் மனத்தால் எவ்வளவு ஆழமாகப் படிக்கலாம் என்பதற்குச் சான்று. நாலு பேர் கூடிப் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு உரக்க வாசியுங்கள். ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கும் இன்னொருவர் வேடத்தில் பேசும்போது நா திறக்கும். எத்தனையோ பிள்ளைகளிடம் இதை நான் கண்டிருக்கிறேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எத்தனை ரியூசனுக்கு அனுப்பினாலும், படித்ததைத் தனியே இருந்து மீட்ட நேரமில்லாத பிள்ளைக்கு அவை பயன்படா. நாளுக்கு அரை மணித்தியாலம் அந்தப் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். பிள்ளைகளே, பெறுபேறு வந்த பிறகும் அந்த அரை மணித்தியாலத்தைக் கைவிடாதீர்கள். தொடர்ந்து மீட்டுகிறவரே கற்றவர்.