சுடாத றேடியேற்றர்

ஒக்டோபர் 9, 2022, ஞாயிறு. ஈஸ்ட் ஹாம், லண்டன்.

முதலாம் திகதியிலிருந்து காஸ் ஒரு யூனிற் 10.3 பென்ஸ். அரசாங்கம் தலையிட்டு விலையைக் கட்டுப்படுத்திய பிறகும் இவ்வளவு. புதுப் பொய்லர் பூட்டினால் பில் பாதியாகிவிடும் என்று ஒரு துண்டுப்பிரசுரம் கதவிடுக்கால் வந்து விழுந்தது. எங்கள் பொய்லர் 2011இல் பூட்டிய கண்டென்சிங் வகை. அதைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டி எப்படிப் பாதியாக்குவார்களோ தெரியாது. இந்த வீட்டில் பழசு மற்றதெல்லாம்தான். முதலாம் உலகப் போருக்கு முந்திய கட்டடம், நடுவில் இடைவெளி இல்லாத செங்கல் சுவர், வடகடல் காஸ் வீடு வீடாக வந்த எழுபதுகளில் இழுத்த குழாய்கள், ஒற்றைத் தகடு றேடியேற்றர்கள்.

ஒக்டோபர் 15, சனி

மேலறை றேடியேற்றரில் மேல்பாதி சூடு, அடி பச்சைத் தண்ணி. மேல்பக்கம் குளிர்ந்தால் உள்ளே காற்று. சின்னத் திறப்பால் திருகிவிட்டால் சீறிக்கொண்டு போய்விடும். அடி குளிர்ந்தால் சேறு. வருடாவருடம் சேர்விஸ் செய்ய வரும் தம்பி அதைக் கழற்றிப் பின்வளவுக்குக் கொண்டுபோய் ஹோஸ் பிடித்தார். மை போலக் கறுத்த தண்ணீர். பிரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி வாளிக்குள் விட்டேன். குழம்பு அதில் குத்திட்டு ஒட்டிக்கொண்டது. றேடியேற்றரின் சொந்த இரும்புதான், உள்ளே கரைந்து கரைந்து அடியில் படிந்திருக்கிறது. திரும்பி வரும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றைப் பூட்டி, துருத் தடுப்பு மருந்தும் ஊற்றினார்.

போகும்போது சொன்னார்: “அண்ணை, முன்னுக்கு இருக்கிறது எல்லாத் தண்ணியையும் குடிக்குது. பின்னுக்கு ஒண்டும் போகேல்லை.”

நவம்பர் 5, சனி

அவர் சொன்ன குறையைத் திருத்த, தண்ணீரை எல்லா றேடியேற்றருக்கும் பங்கிடும் வேலையில் இறங்கினேன். ஒவ்வொரு றேடியேற்றருக்கும் இரண்டு வால்வு. ஒன்று நாங்கள் கையால் திருப்புவது. மற்றது பிளாஸ்ரிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். அதை ஸ்பனரால்தான் அசைக்கலாம். பொய்லருக்குக் கிட்ட இருப்பதன் மறைவான வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்து, தூரப் போகப் போகக் கூட்டி, கடைசி அறையை முழுக்கத் திறந்துவிட வேண்டும். பிறகு போகும் குழாயையும் திரும்பும் குழாயையும் அளந்து அளந்து திருத்த வேண்டும். லேசர்ப் புள்ளி காட்டும் வெப்பமானி, மினுங்கும் செப்பில் பொய் சொல்லும். குழாயில் கறுப்பு ரேப் சுற்றி அதன் மேல் பிடித்தால்தான் கணக்குச் சரி. ஒரு சுற்றுத் திருப்பி அரை மணித்தியாலம் காத்திருக்கிற வேலை. பொறுமை இல்லாதவர்கள் காசு கொடுத்துச் செய்விக்கலாம்.

நவம்பர் 12, சனி

இன்றைக்குத்தான் முக்கியமான வேலை, அதுவும் ஒரு குமிழைத் திருப்புகிற வேலை. காஸ் எரியும்போது நீராவி பிறக்கிறது. அந்த ஆவி பொய்லருக்குள்ளேயே நீராக மாறினால் அதன் வெப்பம் எங்களுக்கு. மாறாவிட்டால் புகைக்குழாயால் தெருவுக்கு. அது மாற வேண்டுமென்றால், வீட்டைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். பூட்டினவர் பொய்லரிலிருந்து போகும் தண்ணீரை 75இல் விட்டுப் போயிருக்கிறார். அதிலிருந்து திரும்பி வந்தது 65. கண்டென்சிங் என்பது பெட்டியின் பெயரில் மட்டும்!

55க்கு இறக்கினேன். எங்களுடையது தாங்கி இல்லாத கொம்பி என்பதால் குழாய்த் தண்ணிக்கு வேறு குமிழ். சுடுதண்ணித் தாங்கி உள்ள வீட்டில் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கக் கூடாது. தாங்கி 60க்குச் சூடாகாவிட்டால் லெஜியனெல்லாக் கிருமி வளரும்.

இறக்கினால் நட்டமும் உண்டு. தகட்டின் சராசரிச் சூடு 70இலிருந்து 50க்கு வந்தால், 20 பாகை அறைக்கு அது கொடுக்கும் வெப்பம் ஏறக்குறையப் பாதி. ஆகவே ஹீற்றிங்கை விடியவே போட்டு, கனநேரம் ஓடவிட வேண்டும்.

அம்மா மத்தியானமே கண்டுபிடித்துவிட்டா. “மோனை, ஹீற்றர் பழுதாப் போச்சு. கை வைச்சாச் சுடேல்லை.” அறை 20 பாகை என்று வெப்பமானியைக் காட்டினேன். “உந்தச் சாமானுக்கு என்ன தெரியும், எனக்கெல்லோ குளிருது” என்று கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்தினா. றேடியேற்றரில் போடும் அவவின் மேசுகளும் இனி அரை மணித்தியாலத்தில் காயாது. அந்த முறைப்பாடு நியாயமானது.

நவம்பர் 20, ஞாயிறு

தரைப் பலகையைக் கிளப்பி, கீழே ஓடும் குழாய்களுக்கு நுரை உறை போட்டேன். இவ்வளவு காலமும் எலிகளுக்கும் ஹீற்றிங். வெளிச்சுவரின் காற்றுத் துவாரங்களை அடைக்கவில்லை. அடைத்தால் மரச் சட்டம் உக்கிப்போகும்.

டிசெம்பர் 12, திங்கள்

இரவு பனி கொட்டியிருக்கிறது. காலையில் பொய்லர் கொப்பளித்துவிட்டு நின்றது. ஆவி நீராகி வெளியேறும் மெல்லிய வெள்ளைக் குழாய் வெளியில் உறைந்துவிட்டது. கொதிக்காத சுடுதண்ணியை அதன்மேல் ஊற்றி எழுப்பினேன். இந்தக் குளிருக்கு 55 காணாது, 65க்கு ஏற்றிவிட்டேன். குளிர் விட்டதும் இறக்கலாம். வெளிக்குளிரைப் பார்த்துத் தானே ஏற்றி இறக்கும் உணரி இந்த மொடலுக்குப் பொருந்துமா என்று தம்பியிடம் கேட்க வேண்டும்.

அம்மாவின் அறை சூடாகவே நிற்கிறது. பின்னறைதான் 17ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. தையில் அதற்கு இரட்டைத் தகடு வாங்கலாம். நீளம் பழையதன் அளவே இருந்தால் குழாயை அதிகம் அசைக்கத் தேவையில்லை.