பீஸ்டி பாய்ஸின் பழைய குப்பை

பீஸ்டி பாய்ஸ் என்றால் உங்களில் கனபேருக்கு மூன்று பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் தொடங்கிய வரியை மற்றவர் பறித்து முடிக்கிற ராப், தொப்பி, கழுத்தில் சங்கிலி. உங்களுக்கு வராவிட்டால் உங்கள் வகுப்பாசிரியருக்காவது வரும். ஆனால் அந்தப் பெயரில் வந்த முதல் இசைத்தட்டில் இருப்பது நான்கு பேர். அதில் ஒருத்தி பெண். ராப் ஒரு வரிகூட இல்லை. எட்டுப் பாட்டு, எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிடம் சொச்சம். 1982இல் வந்தது. பெயர் 'பொலிவொக் ஸ்டூ'.

நான் இதைப் பின்னாலிருந்து முன்னால் போய்த்தான் கேட்டேன். முதலில் 'சபோட்டாஜ்', பிறகு 'போல்ஸ் பூட்டிக்', பிறகு அந்தப் பிரபலமான 1986ஆம் ஆண்டு அல்பம். கடைசியாக இந்தப் பதினொரு நிமிடம். முதல் தடவை கேட்டபோது ஃபோன் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். கிட்டார் தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல இருக்கிறது. பாடுகிறவர் பாடவில்லை, யாரோ காலில் மிதித்துவிட்டதுபோல் கத்துகிறார். ஒரு பாட்டு என்னவென்று விளங்குவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது.

கத்துகிறவர் மைக்கல் டயமண்ட். பிறகு 'மைக் டி' ஆனவர். கிட்டார் ஜோன் பெரி, இந்தக் குழுவுக்குப் பெயர் வைத்தவர் என்று சொல்லப்படுபவர். பேஸ் கிட்டார் அடம் யோக். ட்ரம்ஸ் கேட் ஷெல்லன்பாக். எல்லோரும் நியூயோர்க் பிள்ளைகள். முதல் கச்சேரி 1981 ஓகஸ்ட் 5ஆம் திகதி, ஜோன் பெரி இருந்த வீட்டில். அன்று அடம் யோக்குக்குப் பதினேழாவது பிறந்தநாள். எங்களுக்குப் பிறந்தநாள் என்றால் மண்டபம், பலூன் வளைவு, முன்வரிசையில் மாமா மாமி, முடிந்ததும் கொத்துரொட்டி. அவர்களுக்கு அது நான்கு பேர் சேர்ந்து சத்தம் போட ஒரு சாட்டு. கேட்டுக்கும் டயமண்டுக்கும் அப்போது வயது பதினைந்து. அதாவது, இதை வாசிக்கிற உங்களில் சிலருடைய வயது.

பாட்டுகளைப் பதிந்த இடம் அவெனியூ ஏ வீதியில் இருந்த 171ஏ என்ற சின்ன ஸ்டூடியோ. அதே கட்டடத்தின் பேஸ்மென்றில் ராட் கேஜ் என்று ஓர் இசைத்தட்டுக் கடை. அந்தக் கடையின் பெயரில்தான் தட்டு வெளியானது. வொஷிங்டனில் இருந்து வந்த கறுப்பின இளைஞர்களின் குழுவான பாட் பிரெய்ன்ஸும் தங்கள் முதல் அல்பத்தை அதே ஸ்டூடியோவில்தான் பதிந்தது. பீஸ்டி பாய்ஸுக்கு அவர்கள் கிட்டத்தட்டத் தெய்வம். இரண்டு பெயருக்கும் முதலெழுத்து ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். இருபத்தைந்து வருடம் கழித்து, 2007இல், பாட் பிரெய்ன்ஸின் ஓர் அல்பத்தைத் தயாரித்தவர் அடம் யோக். மேடைக்கு முன்னால் நின்று வாயைப் பிளந்து பார்த்த பெடியன் கடைசியில் அவர்களுக்கே தயாரிப்பாளர் ஆனான். எனக்குப் பிடித்த இசைக் கதைகளில் இதுவும் ஒன்று.

ஹார்ட்கோர் பங்க் என்பதன் சட்டம் சுருக்கம்: வேகமாக அடி, சீக்கிரம் முடி, வாசிக்கத் தெரியும் வரை காத்திருக்காதே. சங்கீத வகுப்பில் வர்ணம் வரைக்கும் வந்து நின்றுபோன எங்களுக்கு இந்த மூன்றாவது கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். ஏழு வருடம் சரளி வரிசையும் அலங்காரமும் படித்தாலும் மேடை ஏற அரங்கேற்றம் வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும் என்ற வீட்டில் வளர்ந்தவள் நான். இங்கே நான்கு பேர் கிட்டாரை எடுத்துக் கொஞ்சக் காலத்திலேயே தட்டு போட்டிருக்கிறார்கள். சுரத்தானத்தைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை.

பாட்டுகள் எதைப் பற்றி? பெரிய அரசியல் ஒன்றும் இல்லை. ஒன்று சுரங்க ரயில் பொலிஸைப் பற்றி. இன்னொன்று 'எக் றெய்ட் ஒன் மோஜோ'. கச்சேரிக்குச் சும்மா உள்ளே விடாத வாசல்காரன் ஒருவனுக்கு முட்டை எறிந்த கதை. அவ்வளவுதான். பதினாறு வயதில் உலகத்தில் மிகப் பெரிய அநியாயம் அதுதானே. ஆனால் அந்தப் பாட்டில் ஒன்று இருக்கிறது. வரி முடிகிற இடத்தில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து கத்துகிறார்கள். பிறகு ராப்பில் மூன்று பேரும் கடைசிச் சொல்லில் ஒன்றாக விழுவதை, அவர்கள் ரன்-டிஎம்சியிடம் மட்டும் கற்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். வாசல்காரனைத் திட்டிய நாளிலேயே தொண்டைக்கு அது பழகியிருந்தது.

ஹிப்ஹொப்புக்குள் அவர்கள் வந்ததும் ஒரு பகிடியால்தான். ஜோன் பெரி விலகிவிட, 'தி யங் அண்ட் தி யூஸ்லெஸ்' என்ற இன்னொரு பங்க் குழுவில் இருந்த அடம் ஹோரோவிட்ஸ் சேர்ந்தார். 1983இல் ஒரு ஐஸ்கிரீம் கடைக்கு ஃபோன் பண்ணி, 'குக்கி புஸ்' என்ற ஐஸ்கிரீம் கேக்கைக் கேட்டு அலட்டினார்கள். அந்த உரையாடலை ஒரு தாளத்தின் மேல் ஒட்டித் தட்டாக்கினார்கள். அது நடன அரங்குகளில் ஓடியது. அதே தட்டில் இருந்த இன்னொரு துண்டை பிரிட்டிஷ் எயர்வேஸ் கேட்காமல் விளம்பரத்தில் போட, வழக்குப் போட்டு 40,000 டொலர் வாங்கினார்கள். பிள்ளைகளின் பகிடி, விமான நிறுவனத்தின் காசு. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப அந்தப் பிள்ளையளுக்கு நல்ல லோயர் இருந்திருக்கு" என்றார். அதுவும் உண்மைதான். அவர்கள் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் அல்ல. ஹோரோவிட்ஸின் அப்பா நாடகாசிரியர். விழுந்தால் தாங்க ஆள் இருக்கிற பிள்ளைகள் குதிப்பதற்கும் மற்றவர்கள் குதிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

இனி, கேட்.

பங்க் குழுவாக இருந்தவரைக்கும் 'பாய்ஸ்' என்ற பெயருக்குள் ஒரு பெண் ட்ரம்ஸ் அடிப்பது குழுவின் பகிடிகளில் ஒன்று. ராப் குழுவாக மாறியபோது அது பிரச்சினையாகிவிட்டது. பல்கலைக்கழக மாணவராக இருந்த ரிக் ரூபின் அவர்களுக்கு டிஜே ஆனார். அவர் கண்ணில் இருந்த ராப் குழுவில் பெண்ணுக்கு இடமில்லை. ராப்புக்கு ட்ரம்ஸ் அடிக்கிறவரும் தேவைப்படவில்லை, மெஷின் இருந்தது. கேட் வெளியே போனார். இரண்டு வருடங்களில் 'லைசென்ஸ்ட் டு இல்' வந்து, பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் அல்பம் ஆனது. அதில் பெண்களைப் பற்றி இருக்கிற வரிகளை இங்கே எழுத மாட்டேன். பகிடிக்குத்தான் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு அது பகிடி என்று தெரிந்ததா என்பது வேறு விஷயம்.

அந்த வரிகளையும் பொலிவொக் ஸ்டூவையும் ஒரே நாளில் கேட்டால் வயிற்றில் ஏதோ செய்யும். ஏனென்றால் பழைய தட்டில் அந்தக் கத்தல்கள் எல்லாவற்றையும் விழாமல் தாங்கிக்கொண்டு ஓடுகிறது அவளுடைய அடி. மற்ற மூவரும் தடுமாறுகிற இடங்களில் நீங்கள் பிடித்துக்கொள்வது ட்ரம்ஸைத்தான்.

இதை நான் இவ்வளவு கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்காபரோவில் எங்கள் சித்தப்பா வீட்டு பேஸ்மென்றில், நாங்களும் நாலு பேர் பதினைந்து வயதில் ஆறு பாட்டுப் பதிந்தோம். ட்ரம்ஸ் என் மச்சாள். பாதி ஆங்கிலம், பாதி தமிழ், தமிழில் பாதி பிழை. ஒரு பாட்டு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றி. இன்னமும் இணையத்தில் கிடக்கிறது. போன மாதம் குழுவில் ஒருவன் அழித்துவிடச் சொன்னான். வேலைக்கு விண்ணப்பிக்கிறானாம், பெயரைத் தேடினால் முதலில் அதுதான் வருகிறதாம். அவன் கேட்டதில் பிழை இல்லை. மற்றவனுக்கு எப்படியென்றாலும் சரி. மச்சாள் மட்டும் ஒரு வரி அனுப்பினாள்: "நான் ட்ரம்ஸ் அடிச்சதுக்கு வேற ஒரு அத்தாட்சியும் இல்லை."

அவள் பிறகு அடிக்கவே இல்லை. யாரும் தடுத்ததாக அவள் சொன்னதில்லை. பரீட்சை வந்தது, சித்தப்பா வீடு விற்றார், ட்ரம்ஸ் பெட்டி யாருக்கோ போனது.

பீஸ்டி பாய்ஸுக்கும் அழிப்பது லேசாக இருந்திருக்கும். 1994இல் அவர்கள் உச்சத்தில் இருந்தார்கள், சொந்தமாக 'கிராண்ட் ரோயல்' என்ற வெளியீட்டு நிறுவனம் இருந்தது. பழைய தட்டுகள் கடைகளில் கிடைக்காமல் போயிருந்தன. அப்படியே விட்டிருக்கலாம். மாறாகப் பொலிவொக் ஸ்டூவையும் குக்கி புஸ்ஸையும் ஒன்றாக்கி 'சம் ஓல்ட் புல்ஷிட்' என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். பெயரை வீட்டில் சத்தமாக வாசிக்க வேண்டாம். அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். இது அருமை என்று பொய் சொல்லவில்லை, வெட்கத்தில் ஒளிக்கவும் இல்லை. குப்பைதான், எங்களுடைய குப்பை, இந்தாருங்கள்.

கேட்டும் அங்கேயே இருந்தார். அவருடைய அடுத்த குழுவான லஷியஸ் ஜாக்சனின் முதல் தட்டு 1992இல் அதே கிராண்ட் ரோயலில்தான் வந்தது. 2018இல் வந்த பீஸ்டி பாய்ஸ் புத்தகத்தில் கேட் தன் பங்கைத் தானே எழுதியிருக்கிறார். ஹோரோவிட்ஸ் அவரை நடத்திய விதத்துக்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து வருகிற வருத்தம் எவ்வளவு பெறும் என்பதைக் கேட்தான் சொல்ல வேண்டும், நானல்ல. ஆனால் அந்தப் பதினொரு நிமிடம் கடைகளில் திரும்ப இருந்ததால், அவர் யாரென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போட்டுக் கேட்டால் போதும்.

இப்போது அடம் யோக் இல்லை, 2012இல் புற்றுநோயில் இறந்தார், 47 வயது. ஜோன் பெரியும் 2016இல் போய்விட்டார். அந்த நால்வர் திரும்ப ஒரு அறையில் நிற்க வழியில்லை.

எங்கள் ஆறு பாட்டைப் பொதுவெளியில் இருந்து இறக்கிவிட்டோம், அவனுக்காக. முழுக் கோப்பையும் ஒரு சின்ன வன்தட்டில் போட்டு மச்சாளிடம் கொடுத்திருக்கிறேன். யாருக்குப் போட்டுக் காட்டுவது என்பது அவள் பாடு.

கேட்கப் போகிறவர்களுக்கு: 'எக் றெய்ட் ஒன் மோஜோ'வில் தொடங்குங்கள். பிறகு நேராக 1995க்கு வந்து 'அலியோ எ ஒலியோ'வைக் கேளுங்கள். முப்பது வயதில் மூவரும் திரும்ப பங்குக்குப் போய்ப் பதிந்தது, அதுவும் எட்டுப் பாட்டு, கிட்டத்தட்ட அதே பதினொரு நிமிடம். வாசிப்பு எவ்வளவோ திருந்திவிட்டது. ட்ரம்ஸில் இப்போது வேறொருவர். எனக்குப் பழையதில் இருக்கிற அடிதான் பிடிக்கும்.