வாங்கில் இருந்தபடி

சுவரோரம் போட்டிருந்த நீள வாங்கு எட்டு மணிக்கே நிறைந்துவிட்டது. பேராதனையைத் தாண்டி மலையேறும் பாதையோரத்தில் இருக்கும் கிளினிக் அது. ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தவர்கள் ஒரு முனையில். மறுமுனையில் கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண்கள். நடுவே, சந்தியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணொருத்தி, மடியில் தூங்கும் பிள்ளையோடு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக நான் வந்திருந்தேன். எனக்கு அங்கே வேலை ஏதுமில்லை. கண்ணும் காதும் மட்டும் திறந்திருந்தன.

எனக்கு எதிரே ஓர் இளம்பெண் இருந்தாள். கைக்குழந்தை அவள் தோளில். நகக்கண்களில் கொழுந்துக் கறை. பக்கத்தில் மாமியார்.

"நான் மூணாவதுக்கு அப்புறம் ஆப்ரேஷன் செஞ்சுகிட்டேன். ஒரே நாளுல எல்லாம் முடிஞ்சிச்சு. இவ என்னடான்னா லூப் போடப் போறாளாம்" என்று மாமியார் அடுத்திருந்தவளிடம் சொன்னார். குரலில் கோபமில்லை, கவலைதான் இருந்தது. மருமகள் பதில் பேசவில்லை. குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள்.

அந்த மாமியாரின் வயதில் இருக்கும் தோட்டத்துப் பெண்களிடம் பேசிப் பார்த்தால் இதே கதையைத்தான் சொல்வார்கள். 1980களில் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. ஒரு கட்டத்தில் அது 500 ரூபா. அன்றைய தோட்டக் கூலியோடு வைத்துப் பார்த்தால் சின்னத் தொகை அல்ல. லயத்துக் கூரை ஒழுகும்போது, கடைக்குக் கடன் நிற்கும்போது, அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்? தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும், சாயங்காலம் கொண்டுவந்து விட்டதையும் சொல்லுவார்கள். அவர்களில் பலர் விரும்பியே செய்துகொண்டவர்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இடைவெளி விட்டுப் பிள்ளை பெறலாம், வேண்டும்போது மறுபடி பெறலாம் என்று அவர்களிடம் யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. தோட்டங்களில் மற்ற முறைகளையெல்லாம் விட அறுவைச் சிகிச்சையே மிகுந்திருந்தது என்று அக்காலத்துக் கணக்கெடுப்புகள் காட்டின. அந்த மிகுதிக்குள் எத்தனை பேருடைய விருப்பம் இருந்தது என்பதை அந்த எண்கள் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது.

மிட்வைஃப் மிஸ் வெளியே வந்தார். சிங்களப் பெண்மணி. தோட்டத்து லயங்களில் வீடு வீடாக ஏறி இறங்கித் தமிழ் கற்றுக்கொண்டவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. இலக்கணம் இடறும், ஆனால் சொல்ல வந்தது தவறாது. இலங்கையில் இவரைப் போன்ற குடும்பநல மாதுகள் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 3000 பேர் கொண்ட பிரதேசம் பொறுப்பு. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாளிலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு இது. நாட்டின் தாய்சேய் நலம் இந்தப் பெண்களின் கால்களில்தான் நடந்து வந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மிஸ் கையில் ஒரு கொப்பர் டி இருந்தது. மாமியார் லூப் என்று சொன்னது இதைத்தான். காட்டுவதற்காக வைத்திருக்கும் மாதிரி. இளம்பெண்ணின் உள்ளங்கையில் அதை வைத்தார். நான் சற்றே முன்னால் சாய்ந்து பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் செய்த 'டி' எழுத்து, நீளம் மூன்றரை சென்ரிமீற்றர் இருக்கும். தண்டில் மயிரளவு செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. இரண்டு கைகளிலும் ஒவ்வொரு செம்புப் பூண். பலர் தொட்டுத் தொட்டு அந்தச் செம்பு கறுத்துப் போயிருந்தது. அடியில் இரண்டு வெள்ளை நூல்கள். அவள் ஒரு விரலால் கையொன்றை வளைத்தாள். விட்டதும் அது பழையபடி நிமிர்ந்துகொண்டது. மறுபடியும் வளைத்துப் பார்த்தாள். மாமியாரும் எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார் மாமியார்.

"இவ்வளவுதான் அம்மா. மருந்து ஒண்ணும் இல்ல. செம்பு மட்டும்தான்" என்றார் மிஸ். பிறகு இளம்பெண்ணைப் பார்த்து, "தங்கச்சி, கேளுங்க. மொதல் மூணு மாசம், சில ஆளுக்கு ஆறு மாசம், ரத்தம் கூடப் போகும். வயிறு வலிக்கும். கொஞ்சம் இல்ல, நல்லா வலிக்கும். அப்புறம் கொறையும். கொறையலன்னா இங்க வரணும். சரிதானே?"

"சரி மிஸ்."

"பத்து வருஷம் வேல செய்யும். ஆனா பத்து வருஷம் வைக்கணும்னு இல்ல. வாணாம்னா எடுக்கலாம். நாளைக்கே வந்தாலும் எடுக்கலாம். புருஷன்கிட்ட, மாமிகிட்டக் கேட்டுட்டு வரணும்னு இல்ல."

இளம்பெண் நிமிர்ந்து பார்த்தாள். அன்று காலையில் அவள் முதன்முதலாகக் கேள்வி கேட்டது அப்போதுதான். "எடுக்கிறதுக்குக் காசு எவ்வளவு மிஸ்?"

"காசு இல்ல. போடவும் இல்ல, எடுக்கவும் இல்ல."

எனக்கு லூப் போட்ட இடத்தில் இந்தப் பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. சிங்களத்தில் வேகமாக நாலு வாக்கியம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இந்த மிஸ்ஸின் உடைந்த தமிழைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அவளை உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தை மாமியார் மடிக்கு மாறியது. திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று வாங்கில் இருந்தபடியே எனக்குத் தெரியும். முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வார்கள். டொக்டர் கையால் சோதித்துக் கருப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். உலோகக் கருவி சில்லென்று உள்ளே போகும்போது உடம்பு தானாகவே இறுகும். கருப்பை வாயைச் சுத்தம் செய்து, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, மெல்லிய கோலொன்றால் உள்ளாழத்தை அளப்பார். அந்த அளவெடுப்புத்தான் கடுமை. அடிவயிற்றை உள்ளிருந்து யாரோ முறுக்கிப் பிழிவதுபோல ஒரு வலி வந்து, நெற்றி வியர்த்து, காது அடைக்கும். அதற்குப் பிறகு மெல்லிய குழாயில் மடங்கியிருந்த கைகள் உள்ளே விரியும். நூலை அளவாக வெட்டுவார்கள். எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். வலிக்காது என்று பெண்களிடம் சொல்வது தவறு. பொய் சொல்லிப் படுக்க வைத்த பெண்ணுக்கு அடுத்த சொல்லில் எப்படி நம்பிக்கை வரும்?

இந்தச் செம்பு என்ன செய்கிறது என்று நான் பின்னால்தான் தேடிப் படித்தேன். 1960களில் வந்த பழைய லூப், பாம்புபோல் நெளிந்த வெறும் பிளாஸ்டிக். அமெரிக்காவில் ஜாக் லிப்பீஸ் வடிவமைத்தது. பிறகு ஹோவார்ட் டேட்டம் கருப்பையின் உருவத்துக்கு ஏற்ப 'டி' வடிவத்தைக் கொண்டுவந்தார். சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர் செம்பைச் சேர்த்தால் பலன் பல மடங்கு கூடுகிறது என்று கண்டார். செம்பிலிருந்து கசியும் நுண்ணிய அயன்கள் விந்தணுவை நகரவிடாமல் செயலிழக்க வைக்கின்றன. இப்போது நம் கிளினிக்குகளில் போடும் 380ஏ என்ற வகையில் அந்த 380 என்பது செம்பின் பரப்பு, சதுர மில்லிமீற்றரில். போட்ட முதல் ஆண்டில் 100 பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கரு தங்கும். ஹோர்மோன் எதுவும் இல்லாததால் தாய்ப்பாலுக்குப் பாதிப்பில்லை, மாதவிலக்கும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். இந்தக் கடைசி விஷயம் நம் பெண்களுக்குப் பெரிய ஆறுதல். கருத்தடை ஊசி போட்டவர்களுக்குப் பல மாதம் விலக்கு வராமலே போகும். உடம்புக்கு அதனால் கெடுதலில்லை என்றாலும் 'தங்கிவிட்டதோ' என்ற பயம் விடாது.

ஆனால் அதே விலக்குத்தான் முதல் மாதங்களில் சோதனையாகவும் வருகிறது. எனக்கு வீட்டில் குளியலறை பக்கத்திலேயே இருந்தது. சுடுதண்ணீர்ப் போத்தலை வயிற்றில் வைத்துப் படுத்துக்கொள்ள முடிந்தது. எதிரே இருந்த அந்தப் பெண்ணுக்கு? இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, தலையில் கயிறு மாட்டிய கூடையோடு, சரிவில் நின்று கொழுந்தெடுக்க வேண்டும். பல மலைகளில் ஒதுங்க ஒரு கக்கூஸ் கிடையாது. அட்டைக்கடி, மழை, நிறுவைக்கு ஓட்டம். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தச்சோகை ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் மாதம் ஏழெட்டு நாள் கூடுதலாகப் போனால் உடம்பு தாங்குமா என்று பார்த்தே போட வேண்டும். விலக்கு முன்பே அதிகமாகப் போகிறவர்களுக்கு வேறு முறையைச் சொல்வதுதான் நியாயம். இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கலாம், வலிக்கு மருந்து கொடுக்கலாம். மலையில் ஒரு கழிப்பறையை எந்த டொக்டராலும் எழுதிக் கொடுக்க முடியாது. லூப் தோல்வியடைகிறது, பெண்கள் பாதியில் எடுத்துவிடுகிறார்கள் என்று குறை சொல்பவர்கள் ஒரு நாள் அந்தச் சரிவில் நின்று பார்க்க வேண்டும்.

எனக்கு ஐந்தாவது மாதம் வாக்கில் உடம்பு பழகிக்கொண்டது. பிறகு அது உள்ளே இருப்பதே மறந்துபோனது. விலக்கு முடிந்ததும் நூல் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பேன், அவ்வளவுதான். 2022இல் நாடு டொலரில்லாமல் தவித்து, மருந்துக் கடைகளில் கருத்தடைக் குளிசையைத் தேடிப் பெண்கள் அலைந்தபோது, எனக்கு அந்தக் கவலை இருக்கவில்லை.

வாங்கில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. லூப் மெல்ல மெல்ல மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடுமாம். கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் வீட்டுப் பெண், "உள்ளுக்குப் போகப் பாதையே இல்லையாம், மிஸ் படம் காட்டினவ" என்று மெதுவாகத் திருத்தினாள். கருப்பையைத் துளைத்து வெளியே போவது ஆயிரத்தில் ஒருவருக்கு நேரலாம், அதுவும் பெரும்பாலும் போடும்போதே. எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்றுதான் பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்திருக்கிறார்கள். தானாகக் கழன்று விழுவது அதைவிட அதிகம், முதல் சில மாதங்களில். நூலைத் தொட்டுப் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

வாங்கில் நடந்த பேச்சைக் கேட்டுக்கொண்டே நான் பழைய கதையொன்றை நினைத்தேன். 1953இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் உருவானபோது முன்னின்றவர்களில் சிவா சின்னத்தம்பி என்ற தமிழ்ப் பெண் மருத்துவரும் ஒருவர். பெண்கள் இந்தப் பேச்சை வாய்விட்டுப் பேசக் கூசிய காலம் அது. இன்று மூன்று இனத்துப் பெண்கள் ஒரே வாங்கில் இருந்து பேசுகிறார்கள்.

இளம்பெண் வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாமியார் எதுவும் சொல்லாமல் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மூடியில் இனிப்புத் தேத்தண்ணி ஊற்றி நீட்டினார்.

"வலிச்சிச்சா?"

"வலிச்சிச்சு மாமி."

"இன்னைக்கு நீ சமைக்க வேணாம்."

அடுத்து உள்ளே போனவள் சிங்களப் பெண். அவள் எடுப்பதற்காக வந்தவள். போன வேகத்தில் திரும்பிவிட்டாள். நூலைப் பிடித்து மெதுவாக இழுத்தால் கைகள் மடங்கி வெளியே வந்துவிடும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டாவது பிள்ளைக்கு எப்போது முயற்சி செய்யலாம் என்று அவள் கேட்டாள். இந்த மாதமே செய்யலாம் என்று மிஸ் சிங்களத்தில் சொல்லி, ஃபோலிக் அமிலக் குளிசை அட்டையைக் கையில் கொடுத்தார். தேத்தண்ணி மூடியை வைத்துக்கொண்டு இருந்த இளம்பெண் இதையெல்லாம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிஸ்ஸைக் கூப்பிட்டு, அடுத்த கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டாள்.