வாதநோயும் வாதாலயேசனும்

வாதம், வாயு என்னும் இரு சொற்களுக்கும் பொருள் ஒன்றே. தேவகுருவும் வாயுபகவானும் சேர்ந்து பிரதிஷ்டை செய்ததால் குருவாயூர் எனப் பெயர் பெற்ற திருத்தலத்தை, வாதத்தாலும் நரம்புவலியாலும் வருந்துவோர் தலைமுறை தலைமுறையாக நாடி வருகின்றனர். பல மருந்துகள் உண்டும் தீராத வலியோடு வருவோரே அவர்களில் மிகுதி.

திருச்சூரிலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ. தொலைவில் உள்ளது இத்தலம். அதிகாலை 3 மணிக்கு நடை திறந்ததும், முந்தைய நாள் மாலைகளோடு எம்பெருமான் நிர்மால்ய தரிசனம் அருள்கிறான். அடுத்து நல்லெண்ணெய் அபிஷேகம். பின்னர் வாகைப்பொடி சார்த்துதல். திருமேனியில் பட்ட எண்ணெயை வாதநோய்க்கு மருந்தெனக் கருதிப் பக்தர்கள் பெற்றுச் செல்வர்.

கிழக்கு வாயிலைக் கடந்து உள்ளே செல்கையில் இருபுறமும் திண்ணை போன்ற மாடங்கள் உள்ளன. தென்புற மாடத்தில் ஒரு செப்புத் தகடு காணப்படும். மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி அமர்ந்து நாராயணீயம் பாடிய இடம் அது.

முப்பது வயதை எட்டுமுன்பே அவரை வாதநோய் முடக்கியது. தம் குரு அச்யுத பிஷாரடியின் நோயைத் தாமே வேண்டி ஏற்றுக்கொண்டார் என்பது வழிவழி வரும் செய்தி. மருந்துகள் பயன் தராதபோது, 'மீன் தொட்டு உண்க' என எழுத்தச்சன் சொல்லியனுப்பியதாகவும் கூறுவர். மச்சாவதாரம் முதலாக அவதாரங்களைப் பாடு என்பதே அதன் உட்பொருள் எனப் புலமைமிக்க பட்டத்திரி உணர்ந்தார்.

நாளொன்றுக்கு ஒரு தசகமாக 100 நாட்கள் பாடினார். பாகவதத்தின் 18,000 சுலோகங்களின் சாரம், ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சுலோகங்களில் அடங்கியது. இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. முதல் நாளே வலி மறைந்துவிடவில்லை. நோயைத் தீர்த்தருள்க என்ற வேண்டுதல் தசகத்துக்குத் தசகம் மீண்டும் மீண்டும் வருகிறது. நேற்றுக் கேட்டது கிடைக்கவில்லையே என்று அவர் இன்று பாடாமல் இருந்ததில்லை. வலி குறைந்த பின் வழிபடுவோம் என்று காத்திருக்கவும் இல்லை.

நூறாம் நாள் எம்பெருமானைக் கேசம் முதல் பாதம் வரை கண்டு பாடி நலம் பெற்றார். நீண்ட ஆயுள், நோயின்மை, நலம் ஆகியவற்றை வேண்டும் சொற்களோடு நூல் நிறைவுறுகிறது. அச்சொற்களின் எழுத்துகளைக் கடபயாதி முறையில் எண்ணாக்கினால் 17,12,210 வரும். நூல் நிறைவுற்ற கலி தினம் அது, ஆண்டு 1586. பின்னர் நெடுங்காலம் வாழ்ந்து, பிரக்ரியா சர்வஸ்வம் என்னும் இலக்கண நூலையும் அவர் இயற்றினார்.

மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்லும் வரலாறு அன்று இது. மருந்து உண்டபின்னும் உறக்கம் வாராத இரவுகளில் மனம் எதைப் பற்றிக்கொள்வது என்பதற்கு விடை இது. குருவாயூர் செல்ல உடல் இடங்கொடாத முதியோரும், இருந்த இடத்திலேயே நாளுக்கு ஒரு தசகம் படிக்கலாம்; கண் ஒத்துழையாவிடில் பிறர் படிக்கக் கேட்கலாம். வாதாலயேசன் துணை நிற்பான்.