மஞ்சள் பையில் இருந்தவை

மம்சாபுரத்தில் மழை விட்ட ஒரு காலையில் வாசற்படியில் வழுக்கி விழுந்த அப்பாவுக்கு, 81 வயதில், இடுப்பை ஒட்டித் தொடையெலும்பு முறிந்தது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை நல்லபடியாகவே முடிந்தது. மூன்றாம் நாள் இரவு திடுமென எழுந்து உட்கார்ந்தவர், "மடைய அடச்சியாடா? கண்மாய்த் தண்ணி பூராம் ஓடுதே" என்றார். டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கி எறிந்தார். போர்வையெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டார். பணியாளர்கள் இருவர் அவருடைய கைகளைத் துணிப்பட்டையால் கட்டிலோடு கட்டினர். அதற்கு ஒப்புதல் கேட்டு நீட்டிய தாளில் கையெழுத்திட்டவன் நான்.

"சன்னி கண்டிருச்சு, இனித் தேறாது" என்றார் சித்தப்பா. எங்கள் ஊரில் அந்தச் சொல் சாவுக்கு முந்திய வாரத்துக்கு உரியது. நானோ மறதிநோய் என்று முடிவு கட்டியிருந்தேன்.

இரண்டும் தவறு. டெலிரியம் என்கிறார்கள் மருத்துவர்கள். மறதிநோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. இது மணிக்கணக்கில் வரும். பகலில் சற்றுத் தெளிந்து இரவில் மிகும். கிருமித்தொற்று, நீர் வற்றுதல், உப்புக் குறைவு, வலி, மலச்சிக்கல், சிலவகைத் தூக்க மாத்திரைகள். முதிய மூளை நிலைகுலைய இவற்றில் ஒன்றிரண்டு போதும். கத்துகிறவரையாவது கவனிக்கிறோம். பேசாமல் சுருண்டு கிடப்பவரை 'நன்றாகத் தூங்குகிறார்' என்று விட்டுவிடுகிறோம். அதுவும் இதே நோயாக இருக்கலாம்.

காலைப் பணிக்கு வந்த செவிலியர் ஒருவர்தான், "தாத்தாவுக்குக் கண்ணாடி கிடையாதா?" என்று கேட்டார். இருந்தது. மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றும் அறுவைக்கு முன் கழற்றி என்னிடம் கொடுத்தபடியே மஞ்சள் பைக்குள் கிடந்தன. ஜன்னலில்லாத அறையில், பகல் இரவு தெரியாமல், யார் என்ன சொல்கிறார்கள் என்பதும் கேட்காமல் மூன்று நாள் படுத்திருந்திருக்கிறார். ரத்தத்தில் சோடியம் 121 என்றது சோதனை. 135க்குக் குறையக் கூடாதாம். அதை மெல்ல ஏற்றினார்கள். கட்டை அவிழ்த்தார்கள். நான் அருகிலமர்ந்து கிழமையையும் ஊரையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான்காம் நாள், "வெள்ளாமை என்னாச்சு?" என்று என் பெயர் சொல்லிக் கேட்டார்.

பிறகுதான் படித்தேன். ஷேரன் இனோயே என்ற அமெரிக்க மருத்துவர் 1999இல் வெளியிட்ட ஆய்வு. 70 வயதும் அதற்கு மேலுமான 852 நோயாளிகள். கண்ணாடி, காதுக்கருவி, குடிக்கத் தண்ணீர், நடை, இரவுறக்கம், நாள் கிழமை சொல்லிப் பேசுதல் ஆகியவற்றை முறையாகக் கவனித்தவர்களிடையே டெலிரியம் 15 விழுக்காட்டுக்குப் பதில் 9.9 ஆக இருந்தது. புதிய மருந்து ஒன்றுமில்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வி.எஸ். நடராஜன் 1978லேயே முதியோர் மருத்துவத்தைத் தொடங்கிவைத்த மாநிலம் இது. இங்கே பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டச் சொல்ல ஒருவர் வர மூன்று நாளாயிற்று. எனக்கே தோன்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த மயக்கத்தில் நடந்தது எதுவும் நினைவிலிராது என்று நம்பியிருந்தேன். வீடு திரும்பிச் சில மாதங்கள் கழித்து, திண்ணையில் மலையைப் பார்த்தபடி இருந்தவர் கேட்டார்: "என் கையக் கட்டச் சொன்னது யாரு?"

"கையெழுத்து நான்தாம்ப்பா போட்டேன்."

சற்று நேரம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார்.