பெஞ்சுக்குப் பின்னால்

சர்பத் தம்ளருக்கு வெளியே பனிக்கட்டியைக் கண்டறியாத எனக்கு ஐஸ் ஹாக்கியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஜான் பிராஃபி என்கிற மனிதர்தான் காரணம்.

நோவா ஸ்கோஷியாக்காரர். அமெரிக்காவில் ஈஸ்டர்ன் ஹாக்கி லீகில் 18 சீசன்கள் ஆடியவர். சின்ன ஊர்கள், பஸ் பயணம், அடிதடி. கோல் போட்டதைவிட ஆளைச் சாய்த்ததில்தான் பேர். பெரிய லீகான என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பிறகு பயிற்சியாளர். 1986இல், 53 வயதில், டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸின் தலைமைப் பயிற்சியாளர். ஆடக் கிடைக்காத அந்த லீகில் அவர் நின்றது ஸ்கேட்டோடு அல்ல, சாதாரண ஷூவோடு, பையன்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால். இதுதான் என்னை விடவில்லை.

1988 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள். தோல்வி என்று சொல்லிவிடலாம்; எனக்கு அப்படிப் படவில்லை. சின்ன லீகுக்கே திரும்பிப்போய், ஹாம்ப்டன் ரோட்ஸ் அட்மிரல்ஸ் அணிக்கு 1991, 1992, 1998 என மூன்று கோப்பைகள் வாங்கித் தந்தார். 2016இல் இறந்தார்.

நான் கவிதை எழுதி எட்டு வருஷமாகிறது. பிறர் எழுதியதைத் திருத்துகிறேன். நன்றாகவே திருத்துகிறேன் என்கிறார்கள். போன வாரம் ஒரு பையன் கொண்டுவந்த கவிதையில் ஒரு வரியை அடிக்கப் போனேன். மோசமான வரி அல்ல என்று தெரிந்தேதான். பேனாவை மூடி, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.